தேவாலாத் தங்கம்: கண்டவர் யார்? கெட்டவர் யார்?

கூடலூரை விட்டு மேற்கே சில மைல் போனால் நாடுகாணி. பெயருக்கு ஏற்ற இடம்தான். அங்கே நின்றால் காலுக்குக் கீழே நிலம்பூர்க் காடுகளும், அதற்கு அப்பால் மலையாள நாடும் பச்சைப் பாய் விரித்தது போல் தெரியும். பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலை இறங்கி நிலம்பூருக்குப் போகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் என்று மலை மடிப்புகளுக்குள்ளே நுழைகிறது.

அந்த இரண்டாவது பாதையில்தான் நம் கதை நடந்தது.

தேவாலாவின் பெயரைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் கேட்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில், "தேவாலாவில் இத்தனை சென்டிமீட்டர் மழை" என்று செய்தி வரும். மழை நின்றதும் ஊரையும் மறந்து விடுகிறோம். ஆனால் 1880-ம் ஆண்டில் இந்த ஊரின் பெயரைச் சொல்லி லண்டன் பட்டணத்தில் லட்சக்கணக்கான பவுன் புரண்டது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அந்தக் காரியத்தின் மிச்சம் இன்னும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாயைப் பிளந்து கொண்டு கிடக்கிறது.

அந்தப் பக்கம் போயிருந்தபோது ஒரு டீக்கடையில் விசாரித்தேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் கை காட்டிய சரிவைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"அங்கே தனியாப் போகாதீங்க தம்பி. செடிக்கு நடுவிலே குழி இருக்கும். மேலே புல்லும் கொடியும் மூடிக் கிடக்கும். காலை வச்சா ஆள் உள்ளே!"

"யார் வெட்டிய குழி ஐயா?"

"வெள்ளைக்காரன் வெட்டினதுன்னு சொல்லுவாங்க. அவன்தானே இங்கே தங்கத்தைக் கண்டுபிடிச்சான்!"

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். படித்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது பாதி உண்மை. மறைந்து போன மற்றப் பாதியைச் சொன்னால்தான் இந்த மலையில் இன்று நடக்கும் விபரீதத்துக்கும் வழி பிறக்கும் என்பது என் எண்ணம்.

மரவை ஏந்திய கைகள்

இந்த மலைகளில் பணியர், குறும்பர் முதலிய பழங்குடி மக்கள் எத்தனை காலமாக வாழ்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஓடையில் வரும் மணலில் பொன் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்ததும் ஓடைக் கரையில் ஒதுங்கிய கருமணலை மரவையில் அள்ளுவார்கள். மரவை என்றால் மரத்தில் குடைந்த தட்டையான பாத்திரம். நீரில் அமிழ்த்தி ஒரு சுழற்று; லேசான மண் வழிந்து போகும். இன்னொரு சுழற்று, பருமணல் போகும். கடைசியில் கருமணலும், அதன் ஓரத்தில் அரிசி நொய்யை விடச் சிறியதாக ஒரு மஞ்சள் பொட்டும் நிற்கும்.

அதுதான் பொன். ஒரு நாள் முழுதும் முழங்கால் நீரில் குனிந்து நின்றால் அன்றைய கஞ்சிக்கு ஆகும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அந்தப் பொட்டும் முழுவதும் அவர்களுக்குச் சொந்தமா? அதுதான் இல்லை! பணியர்கள் அக்காலத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பட்ட அடிமைகள். அடிமை முறையை 1843-ல் சட்டம் தள்ளி வைத்த பிறகும், பழக்கம் லேசில் விடவில்லை. 1800, 1801-ம் ஆண்டுகளில் மைசூரிலிருந்து மலபார் வரை சுற்றிப் பார்த்து எழுதிய புகானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், நிலம்பூர் ஆற்றில் பொன் துகள் எடுப்பதையும், அந்த உரிமை முழுதும் ஒரு நாயரிடம் இருந்ததையும், அவர் அதற்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டியதையும் குறித்திருக்கிறார். நீரில் நின்றவர் ஒருவர். உரிமை பெற்றவர் இன்னொருவர்!

மணலோடு மட்டும் அவர்கள் நின்று விடவில்லை. மணலுக்குப் பொன் எங்கிருந்து வருகிறது என்று தேடி மலை ஏறியிருக்கிறார்கள். மலைப் பாறைக்குள் வெள்ளை வெளேரென்று வரி வரியாக ஓடும் வெங்கச்சங்கல் ரேகையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குவார்ட்ஸ் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதைத்தான். அந்த ரேகையைத் தொடர்ந்து குகை போலவும் கிணறு போலவும் தோண்டி, கல்லை உடைத்து, இடித்து, கழுவியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்த துரைமார், கெட்டிப் பாறையில் தூக்குக் குண்டு பிடித்தாற்போல் நேராக இறங்கிய பழைய குழிகளைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். அவற்றில் முட்டுக்கட்டை கிடையாது. இயந்திரம் தொட்ட அடையாளமும் கிடையாது.

ஆகவே, "வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான்" என்பது எப்படிச் சரியாகும்? வெள்ளைக்காரன் இந்தக் குழிகளைத்தான் கண்டுபிடித்தான்!

கம்பெனியாரின் மோப்பம்

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே பம்பாய் கவர்னர் அங்கே கிடைக்கும் தங்கத்தைப் பற்றி விவரம் கேட்டார். நாடு கைக்கு வந்து மூச்சு விடுவதற்குள் பொன்னைப் பற்றிக் கேள்வி!

1830-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் கமிட்டி முன் சாட்சி சொன்னவர்களில் பேபர் என்பவர் ஒருவர். பழசி ராஜாவை வேட்டையாடியதில் முன் நின்ற அதே பேபர்தான். மலபார்ப் பக்கத்து மலையில் தங்கம் உண்டு என்று அவரும் சொன்னார். அதன் பிறகு நிக்கல்சன் என்ற ராணுவ லெப்டினென்டைச் சர்க்கார் இந்தக் காட்டுக்குள் அனுப்பிப் பார்த்தது. வயநாட்டுக் காய்ச்சல் அந்தக் காலத்தில் பேர் போனது. போனவர் திரும்பி வந்தால் மறு பிறவி. காய்ச்சலும் காடும் ஒரு பக்கம். வருமானம் போதாது என்ற எண்ணம் மறு பக்கம். சில ஆண்டுகளிலேயே சர்க்கார் அந்தக் காரியத்தைக் கை கழுவி விட்டது.

இதைக் கவனத்தில் வையுங்கள். தங்கப் பித்து லண்டனைப் பிடிப்பதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, "இருக்கிறது, ஆனால் கட்டாது" என்ற விடை சர்க்கார் காகிதங்களில் ஏறி விட்டது. காகிதத்தைப் படிப்பார்தான் இல்லை.

காப்பி செத்தது, தங்கம் பிறந்தது

பிறகு மலையில் காப்பி வந்தது. காட்டை அழித்துத் துரைமார் தோட்டம் போட்டார்கள். சில காலம் நல்ல லாபம். 1860-களிலும் 70-களிலும் தண்டு துளைக்கும் புழுவும் இலை நோயும் அடுத்தடுத்து வந்து காப்பிச் செடியைக் கொன்றன. தோட்டம் வாங்க ஆளில்லை. கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான், ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் அனுபவப்பட்ட விதர்ஸ் போன்றவர்கள் வந்து வயநாட்டு வெள்ளைக்கல் ரேகைகளைத் தட்டிப் பார்த்தார்கள். 1874-ல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாப் பக்கத்தில் வேலை தொடங்கியது. அது வேலை செய்த ரேகைக்கு ஆங்கிலத்தில் மண்டையோட்டு ரேகை என்று பெயர். பெயரைக் கேட்டாவது பயந்திருக்கலாம்!

1875-ல் சர்க்காரின் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் கிங் வந்து பார்த்தார். ஒரு டன் கல்லுக்குச் சராசரியாக 7 பென்னிவெயிட் தங்கம் என்ற கணக்கு அப்போது வெளிவந்தது. பென்னிவெயிட் என்றால் நமக்குப் புரியாது. நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். 7 பென்னிவெயிட் என்பது சுமார் 11 கிராம். அதாவது ஒரு டன் கல்லை வெட்டி, தூக்கி, இடித்து, சலித்துக் கழுவினால் ஒன்றரைப் பவுனுக்குக் குறைவாகக் கிடைக்கும். கல்லில் லட்சத்தில் ஒரு பங்குதான் பொன். சிக்கனமாக வேலை செய்கிறவனுக்கு இது ஏதோ கட்டும். அதில் புதையல் ஒன்றும் இல்லை.

ஸ்மித் துரையின் அறிக்கை

இந்த இடத்தில்தான் கதாநாயகர் வருகிறார். பெயர் ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்க இலாகா காரியதரிசியாக இருந்தவர். அங்குள்ள தங்க வயல்களைப் பற்றி 1869-ல் பெரிய புத்தகம் போட்டவர். கீழே வேலை பார்த்தவர்களிடம் கடுமையாக நடந்து கொண்டார் என்ற புகாரின் மேல் விசாரணை நடந்து, 1876-ல் பதவியை விட்டவர். 1878-ல் அந்நாட்டு ஆதிவாசிகளைப் பற்றி இரண்டு பாகத்தில் இன்னொரு புத்தகமும் எழுதினார்.

ஆதிவாசிகளைப் பற்றி இரண்டு பாகம் எழுதிய மனிதர் அல்லவா? வயநாட்டுக்கு வந்ததும் இங்குள்ள ஆதிவாசிகளைக் கூப்பிட்டு, "நீங்கள் ஏன் இந்தக் குழியை இத்தனை அடியோடு நிறுத்தினீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு வரும் பதில்தான் முழு அறிக்கையிலும் விலை மதிப்புள்ள வரியாக இருந்திருக்கும்.

1879-ல் அவர் இந்திய சர்க்காரின் அழைப்பின் மேல் வந்தார். ரேகை ரேகையாக அளந்து, மாதிரிக் கற்களைச் சோதித்து, 1880-ல் அறிக்கை கொடுத்தார். பழைய குழிகளைப் பற்றி விரிவாகவே எழுதினார். "இத்தனை குழி இருந்தால் எத்தனை தங்கம் இருக்கவேண்டும்!" என்பது அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. இத்தனை குழி இருந்தால் எத்தனை தங்கம் ஏற்கெனவே போயிருக்கவேண்டும் என்று திருப்பிப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அறிக்கையில் இருந்த நல்ல மாதிரிகளின் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொண்டு தரகர்கள் லண்டனுக்கு ஓடினார்கள். இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் நாற்பது லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேல்! பங்கு வாங்கியவர்களுக்குத் தேவாலா எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடத் தெரியாது.

அந்தப் பணம் எங்கே போனது? சுரங்கத்துக்குப் போனது கொஞ்சம். செத்த காப்பித் தோட்டங்களைத் தங்க பூமி என்று சொல்லிக் கம்பெனிகளின் தலையில் கட்டியவர்களின் பைக்குப் போனது பெரும் பகுதி. நேற்று வரை ஏக்கருக்கு விலை சொல்லவே கூச்சப்பட்ட தோட்டக்காரன் இன்று வாய்க்கு வந்த விலை சொன்னான். கேட்ட விலை கிடைத்தது. ஒரு துண்டுக் கல்லை இடித்துப் பார்ப்பதற்கு முன்பே லாபம் வந்து விட்டது. வயநாட்டில் உண்மையாகக் கிடைத்த தங்கம் இதுதான் என்பேன்!

பந்தலூரிலும் தேவாலாவிலும் காட்டுக்கு நடுவே பங்களாக்கள் எழுந்தன. ஓட்டல் வந்தது, கடைகள் வந்தன, தபாலாபீஸ் வந்தது. கல்லை இடிக்கும் இரும்பு இயந்திரங்களைப் பாகம் பாகமாக மலைச் சாலையில் மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். மழையிலும் காய்ச்சலிலும் கூலியாட்கள் செத்தார்கள். அவர்களுக்கு மூலதனக் கணக்கில் இடமில்லை.

கடைசியில் இயந்திரம் ஓடியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். டன்னுக்குச் சில பென்னிவெயிட்தான் வந்தது! செலவில் பாதி கூடத் தேறவில்லை. 1882, 83-க்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பங்களாக்களைக் காடு விழுங்கியது. இயந்திரங்கள் துருப்பிடித்தன.

ஏன் இப்படி ஆயிற்று?

சிலர் இதை அதிர்ஷ்டக் கேடு என்கிறார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை.

வெங்கச்சங்கல் ரேகையின் மேல் பகுதி வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டு கிடந்து மக்கிப் போகிறது. அப்போது கல்லோடு இருக்கும் கந்தக உலோகங்கள் கரைந்து போய்த் துருவாகின்றன. தங்கம் மட்டும் கரையாமல் தங்கி விடுகிறது. ஆகவே மேலாகக் கிடக்கும் துருப்பிடித்த கல்லில் பொன் செழிப்பாகத் தெரியும்; கையால் இடித்துக் கழுவினாலே கிடைக்கும். கொஞ்சம் ஆழம் போனால் கல் கெட்டியாகிறது. பொன் குறைகிறது. இருக்கிற பொன்னும் கந்தகக் கல்லுக்குள் ஒளிந்து கொள்கிறது. அந்தக் காலத்தில் தங்கம் பிடிக்கப் பாதரசம்தான் கருவி. பாதரசம் அந்த ஒளிந்த பொன்னைப் பிடிக்காது. அதைக் கரைத்தெடுக்கும் சயனைட் முறை 1887-ல்தான் பிறந்தது. தேவாலாக் கம்பெனிகள் அதற்கு முன்பே கண்ணை மூடி விட்டன.

குறும்பர்கள் எந்த ஆழத்தில் நிறுத்தினார்களோ, அங்கே பொன் நின்று விட்டது என்று பொருள். அவர்கள் கையில் ரசாயனத் தராசு இல்லை, வயிறு இருந்தது. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் கஞ்சி வராத இடத்தை அவர்கள் விட்டு விட்டு வந்தார்கள். கூலியே கொடுக்காமல் வேலை வாங்கியும் கட்டாத குழி, மானேஜருக்குச் சம்பளமும் லண்டன் டைரக்டருக்குப் படியும் கொடுத்தா கட்டப் போகிறது?

அப்படியானால் கோலார் எப்படிப் பலித்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கோலாரும் ஏறத்தாழ அதே காலத்துச் சரக்குதான். அங்கேயும் ஊரார் தோண்டிய பழைய குழிகள் இருந்தன. 1802-லேயே வாரன் என்ற ராணுவ அதிகாரி அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கேயும் 1880-ல் கம்பெனி எழுந்து, சில ஆண்டுகளில் மூடும் நிலைக்கு வந்தது. கடைசி முயற்சியாக ஆழத் தோண்டியபோது வளமான ரேகை அகப்பட்டது. பிறகு 120 ஆண்டுக் காலம், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001 பிப்ரவரியில் மூடும் வரை பொன் எடுத்தார்கள். ஆக, ஆழத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை மண்ணுக்குள் சோதித்துத்தான் அறியவேண்டும். பங்குப் பத்திரத்தில் சோதிக்க முடியாது. வயநாட்டிலும் அந்தச் சோதனை பிறகு நடந்தது. ஹேடன், ஹாட்ச் என்ற இரு நிபுணர்கள் ஆராய்ந்து, 1901-ல் பூகர்ப்ப இலாகாவின் அறிக்கை வெளிவந்தது. லாபத்துக்கு ஏற்ற அளவு தங்கம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

இருட்டில் போகிறவர்கள்

பழங்கதையை ஏன் இத்தனை விரிவாகச் சொன்னேன்? கதை முடியவில்லை என்பதால்தான்.

கம்பெனிகள் போய் விட்டன, குழிகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் அவை கிடக்கின்றன. பவுன் விலை ஏறும்போதெல்லாம் அந்தக் குழிகளுக்கு ஆட்கள் இறங்குகிறார்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு கடப்பாரை, ஒரு சாக்கு. கல்லைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டு வந்து இடித்துப் பாதரசத்தில் பிசைந்து அடுப்பில் காய்ச்சுகிறார்கள். பாதரச ஆவி பொல்லாத விஷம். குழந்தைகள் விளையாடும் அதே முற்றத்தில்தான் அந்த அடுப்பும் எரிகிறது. மண் சரிந்து உள்ளேயே மாண்டவர்கள் உண்டு. போலீசார் அவ்வப்போது பிடிக்கிறார்கள். வனத்துறையார் குழிகளை மூடுகிறார்கள். மழைக்குப் பிறகு மறுபடியும் திறக்கிறது.

இவர்களுக்கும் லண்டன் பங்குக்காரனுக்கும் ஒரே மயக்கம்தான். "வெள்ளைக்காரன் அத்தனை பணம் கொட்டினான் என்றால் தங்கம் இல்லாமலா இருக்கும்?" என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் பணம் கொட்டியதுதான் தெரிகிறது. கொட்டிய பணம் திரும்பவில்லை என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாக்கு 25 கிலோ என்றால் 40 சாக்கு ஒரு டன். 1875-ம் ஆண்டின் அந்த நல்ல கணக்குப்படியே பார்த்தாலும் ஒரு சாக்குக்குக் கால் கிராம் சொச்சம். இன்றைய விலையில் அது சில நாள் கூலி என்பதை மறைக்க மாட்டேன். அதனால்தான் அவன் போகிறான். ஆனால் அந்த நல்ல கல்லெல்லாம் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய சுரங்கத்துக்குள் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் நல்ல கல் எது தெரியுமா? கூரையைத் தாங்குவதற்காக விட்டு வைத்த தூண்! கடப்பாரை விழுவது அதன் மேல்தான். பிறகு கூரை எப்படி நிற்கும்?

பிடித்து உள்ளே போட்டால் தீர்ந்து விடும் என்று அதிகாரிகள் நினைப்பது போதாது. பிடிபடுகிறவன் தோட்டக் கூலி. இல்லை, வேலை கிடைக்காத பிள்ளையாண்டான். அவனிடமிருந்து அந்தப் பொட்டுப் பொன்னைக் குறைந்த விலைக்கு வாங்குகிற ஆசாமி எங்கே? 1880-லும் இப்படித்தான். குழியில் இறங்கியவன் செத்தான். காகிதத்தில் விற்றவன் தப்பினான்.

என்ன செய்யலாம்? முதல் வேலையாக, ஒவ்வொரு குழியும் எங்கே இருக்கிறது என்று ஒரு சரியான கணக்கு எடுக்க வேண்டும். இதற்குப் புதிதாக ஆகாயத்திலிருந்து யாரும் குதித்து வர வேண்டியதில்லை. ஸ்மித் அறிக்கையும் 1901 அறிக்கையும் ரேகை ரேகையாக விவரம் தருகின்றன. அவற்றைக் கையில் வைத்துக் கொண்டு, ஊர்ப் பெரியவர்களையும், முக்கியமாகப் பணியர், குறும்பர் பாடிகளில் உள்ள முதியவர்களையும் கூட அழைத்துக் கொண்டு நடந்தால் ஓரிரு வேனிற்காலத்தில் முடிகிற காரியம். இந்தத் தடவையாவது அவர்களைக் கேட்க வேண்டும். கணக்கெடுத்த குழிகளை மண்ணைத் தள்ளி மூடுவதில் பயனில்லை. தேவாலா மழைக்கு மண் எத்தனை நாள் நிற்கும்? கல்லும் கான்கிரீட்டும் வைத்து, மழைத் தண்ணீர் வெளியேற வழி விட்டு அடைக்க வேண்டும். அடைத்த வாயில் தண்ணீர் தேங்கினால் மலையே சரியும். அதையும் இஞ்சினியர்கள்தான் பார்க்க வேண்டும்.

"இப்போது தங்கம் விற்கிற விலையில் சர்க்காரே சுரங்கம் வெட்டினால் என்ன? ஊருக்கு வேலை கிடைக்குமே" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. விலை ஏறியது போல் செலவும் ஏறியிருக்கிறது. மேலும் இது கோலாரைப் போல் வறண்ட மேட்டு நிலமல்ல. பெருமழை கொட்டும் சரிவு. யானை நடமாடும் காடு. பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் தேயிலை. இந்த மலையில் பெய்யும் மழைதான் பாண்டியாறாகப் பெருகி நிலம்பூர் வரைக்கும் குடிநீராகப் போகிறது. இடித்த கல்லின் கழிவையும் சயனைடையும் எந்த ஓடையில் விடுவது? இதற்குப் பதில் சொல்லாமல் சுரங்கம் பேசுகிறவர்கள், 1880-ல் லண்டனில் பேசியவர்களின் பேரப் பிள்ளைகள்தான்.

இன்னொன்றும் கேட்பேன். அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை, டன்னுக்கு எத்தனை கிராம், சாக்குக்கு எத்தனை என்று கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். கூட ஒரு மரவையையும் காட்டலாம். தங்கத்தை முதலில் கண்டவர்கள் யார் என்று கேட்டால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பணியர் வீட்டுப் பிள்ளை கையைத் தூக்கட்டும்.

டீக்கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் மெதுவாகச் சிரித்தார். "நீங்க எழுதுங்க தம்பி. ஆனா மழைக்கு முன்னாலே எழுதுங்க" என்றார். மழை நின்றதும்தான் ஆட்கள் இறங்குவார்களாம். ஈரமண்ணில் கடப்பாரை சுலபமாக ஏறும் என்பது காரணம்.

ஈரமண்தான் சுலபமாகச் சரியவும் சரியும்.